பொய் ஒட்டாத சுவர்

ஆவாரங்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் தீப்பெட்டி ஆபீஸின் நீளச் சுவரில் பொய்யை எழுதினால் மத்தியான வெயிலில் அது உதிர்ந்துவிடும் என்பது இன்றைக்கு எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முதன்முதலில் அது நடந்த சித்திரை மாதத்தில் எங்களுக்கு ஒன்றும் புரியாமல், எந்த ஊர்க்காரரும் செய்கிற மாதிரி, பெயிண்டரைப் பிடித்து உலுக்கினோம். நகைக்கடைக்காக ஆர்ட்டிஸ்ட் தாவீது ஆள் உயர நீல எழுத்தில் 'தரமான தங்க நகைகள், நியாயமான விலையில்' என்று எழுதி முடித்து ஏணியை விட்டு இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டரை மணி சங்கரன்கோவில் பஸ் வந்து நின்றது. 'தரமான' என்ற சொல் அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு ஒவ்வொரு எழுத்தாகக் கீழே விழுந்தது, அதன் பின்னாலேயே 'நியாயமான' விழுந்தது. 'தங்க நகைகள், விலையில்' என்பது மட்டும் சுவரில் நின்றது.

தாவீது பெயிண்டில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று நகைக்கடை முதலாளி சண்டைக்கு வந்தார். தாவீதுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, அதே சுவரில் 'நான் பெயிண்டில் தண்ணீர் கலக்கவில்லை' என்று எழுதினான். மறுநாள் மத்தியானம் 'கலக்கவில்லை' மட்டும் விழுந்து, மீதி மூன்று சொல்லும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவன் ஒரு வாரம் வெளியில் தலைகாட்டவில்லை. பிறகு வந்து ஊரார் கண் முன்னால் புது டப்பாவை உடைத்து, சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், நகைக்கடைக்கு மறுபடியும் எழுதினான், அதுவும் விழுந்தது. கோளாறு பெயிண்டில் இல்லை, வாசகத்தில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

சுவருக்கு முதல் சுண்ணாம்பு அடித்தவன் உத்தமன் என்றார்கள் சிலர், அடியில் நாகம் இருக்கிறது என்றார்கள் சிலர், தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆடிட்டர் வந்து போனதிலிருந்துதான் இப்படி என்றார்கள் சிலர். யாரும் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சுவரை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. 'இந்தச் சுவர் ஐந்து வருடத்துக்கு எங்கள் கட்சிக்கு' என்று நாலு கட்சிக்காரர்களும் வழக்கம்போல வந்து முன்பதிவு எழுதிப் பார்த்து, 'சுவர்' என்ற சொல் மட்டும் நாலு நிறத்தில் மிஞ்சியதைக் கண்டு வேறு சுவர் தேடிப் போனார்கள். கல்யாணத் தரகர்கள் வந்தார்கள். 'மாப்பிள்ளைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை' என்று எழுதிய குடும்பம் மத்தியானம் வந்து பார்த்தால் 'மாப்பிள்ளைக்கு', 'கெட்ட பழக்கமும்' என்று இரண்டு துண்டு நின்றது, பெண் வீட்டார் அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். உதிர்ந்த எழுத்துகளைப் பஞ்சாயத்துத் துவக்கப்பள்ளி ஜெசிந்தா டீச்சர் சிமெண்டு சாக்கில் அள்ளிக்கொண்டு போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கொடுத்தார். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'அ', 'ஆ' வருவதற்கு முன்னால் 'த', 'ர', 'மா', 'ன' நான்கையும் பிடித்துக்கொண்டன. என் கூல்டிரிங்க்ஸ் கடை சுவருக்கு நேர் எதிரே இருக்கிறது. நானும் 'சுத்தமான ஐஸ்' என்று எழுதிப் பார்த்தவன்தான், அந்த 'சு' எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்தச் சுவரில் முழுசாக நிற்கிற வாசகத்தை முதலில் எழுதியது வடிவு. சண்முகவடிவு என்று பெயர். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் சங்கரபாண்டியின் ஒரே மகள். அம்மா அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அன்றைக்கிருந்து மகளும் அப்பனும்தான், மத்தியானம் ஒன்றரைக்கு அவள் தூக்குச்சட்டியோடு டைம் ஆபீஸுக்கு வருவாள், என் கடைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருப்பதால் அவர்கள் பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும், கேட்காத மாதிரி இருக்க நான் பழகியிருக்கிறேன். பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த அந்த நாட்களில், தினமும் ஏதாவது உதிர்வதைப் பார்த்துச் சலித்துப்போய், ஈ ஓட்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் ஞானதீபத்திடம் போய் நான் ஒன்று எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். டாக்டர் 'வலியில்லாச் சிகிச்சை' என்று எழுதி, 'வலி' மட்டும் நின்று, இருந்த கூட்டத்தையும் இழந்திருந்தார். வடிவு எழுதினாள்: 'வலிக்கும். கொஞ்ச நேரம்தான்.'

மத்தியானம் வந்து போனது, மறுநாள் மத்தியானமும் வந்து போனது, ஒரு புள்ளிகூட விழவில்லை. மூன்றாம் நாளிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு வடிவுக்கு வீட்டில் உட்கார நேரமில்லை. செண்பகம் மெஸ்ஸுக்கு, 'குழம்பு சில நாள் சுமார். சோறு எல்லா நாளும் சூடு.' ஜவுளிக்கடைக்கு, 'மூன்று துவைப்பு வரை சாயம் போகும். அப்புறம் போகாது.' வார்டு கவுன்சிலர் முப்பிடாதிக்குப் போட்டிருந்த பட்டங்கள் எல்லாம் உதிர்ந்து வெறும் 'முப்பிடாதி' என்று நின்ற இடத்தில், 'தண்ணி லாரி செவ்வாய்க்கிழமை வரும்' என்று எழுதினாள். அது நிற்பதற்காகவே அந்த மனுஷன் செவ்வாய்க்கிழமை தோறும் விடியற்காலை லாரிக்காரன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒரு வாரம் லாரி வராமல் 'செ' லேசாகத் தோலுரிய ஆரம்பித்தபோது அவர் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். வடிவிடம் யாராவது கூலி பற்றிப் பேசினால் சிரித்துவிட்டுப் போவாள், பிறகு அவள் வீட்டு வாசலில் காய்கறியோ இரண்டு முழம் துணியோ இருக்கும். எங்களுக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம், அந்தப் பிரியத்தில் எங்கள் சௌகரியமும் கலந்திருந்தது என்பது எங்களுக்கே அப்போது தெரியாது.

ஆனி மாதம் சென்னை விளம்பரக் கம்பெனியிலிருந்து மேகலா என்ற பெண் கோயிலுக்கு வந்தவள், கார் பஞ்சராகி எங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். பல் டாக்டரின் வாசகத்தைப் பார்த்தாள், மெஸ் வாசகத்தைப் பார்த்தாள், என் கடையில் இரண்டு பன்னீர் சோடா குடித்தாள், இதையெல்லாம் எழுதியது யார் என்று கேட்டாள். சுவரின் குணத்தைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை, எங்க கிளையண்ட்டுங்க யாரும் இந்தப் பக்கம் வராம பார்த்துக்கோங்க என்று மட்டும் சொன்னாள். வடிவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினாள். பத்து நாளில் கடிதம் வந்தது. வாசகம் எழுதுகிற பிரிவில் கடைநிலையில் பயிற்சி வேலை, வந்து சேர வேண்டிய நாள் ஆடி பிறந்த பிறகு வருகிற முதல் திங்கட்கிழமை.

அதே வாரம் திருநெல்வேலியிலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது. எம்.ஏ. இதழியலில் இடம் கிடைத்திருக்கிறது, அதே திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

வடிவு போனில் மேகலாவிடம் இரண்டு வருடம் படித்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். படிச்சுட்டு வந்தாலும் இதே நாற்காலியில்தான் உட்காருவ, ஆனா அப்ப அது காலியா இருக்குமான்னு நான் சொல்ல முடியாது என்றாள் மேகலா. வடிவு இன்னொன்றும் கேட்டாள், இந்த மாதிரிச் சுவர் மெட்ராஸில் உண்டா என்று.

"இங்க எந்தச் சுவரும் எதையும் உதிர்க்காதும்மா," என்றாள் மேகலா. "அதுதான் இந்த வேலையில கஷ்டம்."

வடிவு அன்றைக்கு மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறக்கவே மறந்துபோனாள்.

ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. படிப்புக் கட்சிக்கு சங்கரபாண்டி தலைவர் மாதிரி. அவர் எதுவும் அதிகம் பேசமாட்டார், பொம்பளப்பிள்ள மேல படிக்கது நல்லதுதான என்று பஸ் டிரைவர்களிடம் சொல்லி அவர்களை ஆமாம் போட வைப்பார். வேலைக் கட்சியில் தாவீதும் பல் டாக்டரும் இருந்தார்கள். வாயால் பேசி யாரும் யாரையும் ஜெயிக்க முடியாததால் எல்லோரும் சுவருக்குப் போனார்கள். 'வடிவு படித்தால்தான் எதிர்காலம்' என்று ஒருவர், 'கைக்கு வந்த வேலையை விடக் கூடாது' என்று ஒருவர், 'உள்ளூரிலேயே இருந்தால் பாதுகாப்பு' என்று ஜவுளிக்கடை. மத்தியானம் அத்தனை அறிவுரையும் ஒன்று பாக்கியில்லாமல் கொட்டியது, ஜெசிந்தா டீச்சர் இரண்டு சாக்கு கொண்டு வர வேண்டியிருந்தது. கடைசியில் மெஸ்காரர் எழுதியது மட்டும்தான் நின்றது. 'வடிவு போனால் எங்களுக்கு யார் எழுதுவா?'

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கலைந்தோம். மனசுக்குள் இருந்தது அதுதான். அதன் மேல் படிப்பு, பாதுகாப்பு, எதிர்காலம் என்று ஆளுக்கொரு கோட்டு பெயிண்ட் அடித்திருந்தோம், அவ்வளவுதான். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வடிவே வந்து தாவீதிடம் பிரஷ் வாங்கி எழுதினாள். 'எனக்குப் படிக்க ஆசை' என்று எழுதினாள், மத்தியானம் நின்றது. 'எனக்கு வேலைக்குப் போக ஆசை' என்று எழுதினாள், அதுவும் நின்றது. இரண்டும் மெய் என்றால் சுவர் என்ன செய்யும், அதற்கு மேல் அதற்குத் துப்பில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடியில் இன்னும் இரண்டு வரி எழுதினாள். 'நான் வேலைக்குப் போவேன்.' 'நான் எம்.ஏ. படிப்பேன்.'

அந்த இரண்டு வரியும் விழவும் இல்லை, காயவும் இல்லை. ஆடி மாதத்துக் காத்தும் வெயிலும் சேர்ந்து அடித்தும், மத்தியானம் போய் மறு மத்தியானம் வந்தும், எழுதிய நேரத்தில் இருந்த அதே ஈரத்தோடு பளபளவென்று நின்றன. இன்னும் முடிவாகாத காரியம் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை, அதனால் சுவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று தாவீது விளக்கம் சொன்னான், நாங்கள் ஒத்துக்கொண்டோம். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஒரு தடவை ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொட்டன, தபால்காரர் தொட்டார், கவுன்சிலர் காலையும் மாலையும் தொட்டார், பூக்காரி தொட்ட விரலோடு பூக் கட்டி மல்லிகையெல்லாம் ஊதாவாகிப் போனது. நாலு நாளில் ஆவாரங்குளத்தில் நீல விரல் இல்லாத ஆள் இல்லை. ராஜபாளையம் பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர் எங்கள் கைகளைப் பார்த்து, எலெக்ஷன் முடிஞ்சிட்டா, எங்க ஊர்ல சொல்லவே இல்லையே என்று பதறினார்.

விரலில் நீலம் படாமல் இருந்தவர் சங்கரபாண்டி ஒருவர்தான். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை காலை, பதினொன்றே கால் கோவில்பட்டி வண்டியை அனுப்பிவிட்டு, விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, தாவீதின் டப்பாவையும் பிரஷையும் கேட்காமலே எடுத்துக்கொண்டு அவர் ரோட்டைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். பஸ் நேரம் எழுதி எழுதிப் பழகிய கை என்பதால் கட்டம் போட்ட மாதிரி எழுதினார். 'என் மகள் எம்.ஏ. படிக்க வேண்டும். அவள் நல்லதுக்கு மட்டுமே சொல்கிறேன்.' எழுதிவிட்டுத் திரும்பி வந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சங்கரன்கோவில் பஸ் வந்தது. 'அவள் நல்லதுக்கு மட்டுமே சொல்கிறேன்' மொத்தமாகச் சரிந்தது. 'வேண்டும்' விழுந்தது, 'படிக்க' விழுந்தது, 'எம்.ஏ.' புள்ளியோடு விழுந்தது. 'என் மகள்' மட்டும் நின்றது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூட ஏதோ புரிந்த மாதிரி பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். தாவீது ஏணியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். துடைப்பத்தோடு வந்த ஜெசிந்தா டீச்சர் அன்றைக்கு அந்த இடத்தைக் கூட்டாமலே போய்விட்டார்.

ஒன்றரைக்கு வடிவு தூக்குச்சட்டியோடு வந்தாள். வருகிற வழியிலேயே பார்த்திருக்கிறாள். சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, அவர் நாலு வாய் சாப்பிடும் வரை சும்மா இருந்தாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் ஐஸ் பெட்டியை மூடாமல் நின்றேன்.

"அப்பா, அது நீங்க எழுதுனதா?"

"தாவீது எழுதிருப்பான்."

"தாவீது அண்ணாச்சிக்கு மக கிடையாது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது போதும் என்று எனக்கே சொல்லத் தோன்றியது.

"நீ திருநெல்வேலிக்குப் படிக்கப் போனன்னு வையி," என்றார், "சாயங்காலம் ஆறே கால் வண்டியில திரும்பி வந்துருவ. அந்த வண்டியை நான்தான் உள்ள விடுதேன். மெட்ராஸ் வண்டியை வெளிய அனுப்பத்தான் எனக்கு டூட்டி, அது திரும்பி வாரது விடியக்காலம், அப்ப நான் டூட்டியில இருக்க மாட்டேன். இவ்வளவுதாம்ட்டி விஷயம். படிப்பு கிடிப்புன்னு சொன்னதெல்லாம் சும்மா."

வடிவு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்குப் படிக்கவும் ஆசைதாம்ப்பா," என்றாள் பிறகு. "அது பொய்யில்ல. ஆனா நீங்க சொல்லிட்டீங்க, நானும் சொல்லிருதேன். இந்தச் சுவத்துல நான் எழுதுறதெல்லாம் எல்லாரும் நல்லாருக்குங்காவ. தப்பா எழுதுனா மத்தியானம் விழுந்துரும், திருத்திக்கிடுவேன். எழுதுறது நானா சுவரான்னே எனக்குத் தெரியல. எது எழுதுனாலும் விழாத ஊர்ல போயி எழுதிப் பாக்கணும்ப்பா. அங்கயும் நான் பொய் எழுதாம இருக்கேனான்னு பாக்கணும். பயமாத்தான் இருக்கு."

"பொய் எழுதிருவியோ?"

"தெரியலப்பா. அதுக்குத்தான் பயமா இருக்கு."

சங்கரபாண்டி மோர் ஊற்றச் சொன்னார். ஊற்றினாள். மோர்சோற்றுக்கு ஊறுகாய் இருக்கிறதா என்று அவர் கேட்டார், இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

சாயங்காலம் தபால்காரர் வழக்கம்போல விரலை வைத்துவிட்டு, விரலைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை வைத்தார். 'நான் வேலைக்குப் போவேன்' காய்ந்திருந்தது. கால் மணி நேரத்தில் ஊரே கூடி ஆளுக்கொரு தடவை தடவிப் பார்த்தது, எந்த விரலிலும் நீலம் ஒட்டவில்லை. அப்படியானால் அடுத்த வரி விழுந்துவிடும் என்று காத்திருந்தோம். அது விழவில்லை. 'நான் எம்.ஏ. படிப்பேன்' அதே ஈரத்தோடு நின்றது, இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட வெளியூர்க்காரர்கள் யாராவது அதில் சாயப் போனால் நாங்கள் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி டூட்டிக்கு வரும்போது சங்கரபாண்டி சைக்கிள் கேரியரில் வடிவின் பெட்டியைக் கட்டி, சீட்டில் உட்காராமல், ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டே வந்தார். சென்னை பஸ் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குத்தான், இப்போதே எதற்கு என்று நான் கேட்டதற்கு, கடைசி நேரத்துல கனக்கும் என்றார். பெட்டியை டைம் ஆபீஸ் மேஜைக்கு அடியில் வைத்தார். தாவீது தானாகவே டப்பாவைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். வண்டிகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு தடவை நின்று யோசித்து, 'என் மகள்' என்பதற்குப் பக்கத்திலிருந்து அவர் எழுதிக்கொண்டு போனார்.

மத்தியானம் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றோம். பூக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். கவுன்சிலர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சங்கரன்கோவில் பஸ் வந்து, ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றிப் போனது. வெயில் சுவரில் ஏறி, உச்சிக்கு வந்து, அந்தப் பக்கமாக இறங்கியது. ஜெசிந்தா டீச்சர் வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு வடிவு பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பாதி ஊர் வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று ஆளுக்கொன்று கொடுத்தது. பல் டாக்டர் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுத்தார், மெஸ்காரர் கொடுத்த பொட்டலம் அவள் மடியைச் சுட்டது. எங்களைத் தாண்டி அவள் சுவரைப் பார்த்தாள், காலையிலிருந்து வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தவள்.

'என் மகள் இன்று வேலைக்குப் போகிறாள். எனக்கு மனசே இல்லை. பெட்டியை நான்தான் கொண்டுவந்தேன்.'

வாசித்தாள். பழக்க தோஷத்தில், எந்தச் சொல்லை எடுத்துவிடலாம் என்று உதட்டை அசைத்து இன்னொரு தடவை வாசித்தாள். எடுக்க ஒன்றும் கிடைக்காமல் மூன்றாவது தடவை வாசிக்கும்போது அவளால் முடிக்க முடியவில்லை. டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டுக் கண்ணாடி வழியாக டைம் கீப்பரைப் பார்த்தார். ஐந்து நாற்பது ஆனது, நாற்பத்தொன்று ஆனது, சங்கரபாண்டி ஜன்னலுக்குக் கீழே விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், பஸ்ஸில் ஒருவரும் நேரமாச்சு என்று சொல்லவில்லை. நாற்பத்து நாலுக்கு ஊதினார்.